இருப்பு வேறு, வரத்து வேறு: கடலடிப் பாறையும் எரிவாயு ஓட்டமும்

கடலடியில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிப்பு வரும்போதெல்லாம் செய்தியின் முகப்பில் ஓர் எண் நிற்கும். பாறைக்குள் எத்தனை டிரில்லியன் கன அடி வாயு அடைந்திருக்கிறது என்ற மதிப்பீடு அது. அந்த எண்ணை நம்பியே பங்குகள் விலையேறுகின்றன, குழாய்ப்பாதைகள் திட்டமிடப்படுகின்றன, மின் நிலையங்களும் உர ஆலைகளும் எரிபொருள் ஒப்பந்தத்துக்குக் காத்திருக்கின்றன. ஆனால் வாயு பாறைக்குள் இருப்பது ஒன்று, அது கிணற்றுக்கு வந்து சேர்வது வேறொன்று. முதலாவதை ஓர் ஆய்வுக் கிணறு சில மாதங்களில் காட்டிவிடும். இரண்டாவதைத் தீர்மானிப்பது பாறையின் குணம். அது எளிதில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. கடந்த 20 ஆண்டுகளில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையிலும் காவிரிப் படுகையிலும் பெரிய நம்பிக்கைகள் சுருங்கியதைக் கூர்ந்து பார்த்தால், வாயு இல்லாமல் போனது அதற்குக் காரணமல்ல என்பது தெரியும். இருப்பைப் பற்றிப் பேசிய அளவுக்கு வரத்தைப் பற்றி நாம் பேசவில்லை. கடல்சார் ஆய்வுக் கிணற்றின் முதன்மையான பயன் பாறை எவ்வளவு வழிவிடும் என்பதை அறிவதே. பொது அறிவிப்புகளும் அந்த அறிவின் மேல்தான் நிற்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இருப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தேக்கப் பாறையின் பரப்பளவை அதன் தடிமனால் பெருக்க வேண்டும். அந்தக் கன அளவில் எத்தனை பங்கு வெற்றிடம் என்பது நுண்துளைமை. அந்த வெற்றிடத்தில் நீர் பிடித்துக்கொண்ட பங்கைக் கழித்தால் மிஞ்சுவது வாயு. ஆழத்தின் அழுத்தத்தில் நெருங்கிக் கிடக்கும் வாயு தரைக்கு வந்ததும் சில நூறு மடங்கு விரியும் என்பதால் அந்த விரிவு மடங்கையும் சேர்க்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான். இதில் ஓர் அளவு எங்குமே வரவில்லை. துளைகள் ஒன்றோடொன்று எவ்வளவு நன்றாக இணைந்திருக்கின்றன, அவற்றின் வழியே வாயு எவ்வளவு எளிதாக நகரும் என்பதைச் சொல்லும் ஊடுருவுதிறனே அது. எனவே ஓட்டமே இல்லாத பாறைக்கும் ஆறுபோல் வாயு தரும் பாறைக்கும் ஒரே இருப்பு எண்ணைத் தவறின்றி எழுதிவிட முடியும். கணக்குப் பிழை, ஏமாற்று எதுவும் இல்லாமலேயே ஒரு பெரிய எண் நம்மைத் திசைதிருப்பக்கூடும் என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

ஊடுருவுதிறனுக்கு அளவுகோல் தந்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி. டிஜோன் நகரின் குடிநீர் அமைப்புக்காக மணல் நிரப்பிய குழாய்களில் நீரோட்டத்தை அளந்து, 1856-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டம் குறுக்குப் பரப்புக்கும் அழுத்தச் சரிவுக்கும் நேர் விகிதத்தில் இருக்கும் என்பது அவர் கண்டது. பாய்மத்தின் பிசுக்குமையைத் தனியே பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் எண் பாறைக்கே உரிய குணம். அவர் பெயராலேயே அது டார்சி என்ற அலகில் அளக்கப்படுகிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிடார்சி. நல்ல மணற்பாறை சில நூறு மில்லிடார்சி முதல் சில டார்சி வரை காட்டும். 0.1 மில்லிடார்சிக்குக் கீழே போனால் அதை இறுக்கமான வாயுப் பாறை என்று துறையினர் வகைப்படுத்துகிறார்கள். நுண்துளைமை இரண்டு பாறைகளுக்கிடையே இரண்டு மூன்று மடங்கு மாறும்போது ஊடுருவுதிறன் பல்லாயிரம் மடங்கு மாறும். காரணம், ஓட்டத்தை ஆள்வது துளையின் கொள்ளளவல்ல, ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே உள்ள குறுகிய கழுத்து. களிமண்ணில் மணலைவிட வெற்றிடம் அதிகம். ஆனாலும் ஏரிக்கரைக்குள் நீர் கசியாமலிருக்கக் களிமண்ணைத்தான் இடுகிறோம். கழுத்துகள் மிகச் சிறியவை என்பதே அதன் காரணம். மற்றவை ஒத்திருக்கும்போது மணல் துகளின் அளவு பாதியானால் ஊடுருவுதிறன் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். துகள்கள் ஒரே அளவில் இல்லாமல் கலந்து கிடந்தால் சிறியவை பெரியவற்றின் இடைவெளியை அடைத்துவிடும்.

மணல் படிந்த பிறகும் பாறை மாறிக்கொண்டே இருக்கிறது. மேலே சேரும் படிவங்களின் எடை துகள்களை நெருக்குகிறது. வெப்பம் ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது குவார்ட்ஸ் கரைந்து மீண்டும் படிந்து துகள்களைச் சிமெண்ட்போல் ஒட்டுகிறது. ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து களிமங்களாகிறது. அவற்றில் இல்லைட் என்பது நார்நாராக வளர்ந்து துளைக் கழுத்துகளின் குறுக்கே படரும். நுண்துளைமையை அது பெரிதாகக் குறைக்காது. ஊடுருவுதிறனை மட்டும் பத்தில், நூறில் ஒரு பங்காக்கிவிடும். இதற்கு மாறாக, குளோரைட் என்ற களிமம் மணல் துகளின் மேல் மெல்லிய உறையாகப் படிந்தால் குவார்ட்ஸ் வளரத் தளம் கிடைக்காமல் ஆழத்திலும் துளைகள் காக்கப்படுகின்றன. ஆகவே ‘இவ்வளவு ஆழம், எனவே இவ்வளவு ஓட்டம்’ என்று பொதுச் சூத்திரம் எழுத முடியாது. மணல் எந்த மலையிலிருந்து வந்தது, எந்த ஆற்றால் எவ்வளவு தூரம் சுமக்கப்பட்டது, எவ்வளவு வேகமாகப் புதைந்தது, எந்த நீரில் ஊறியது ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அதன் இன்றைய குணம்.

வாயு என்பதால் சில சாதகங்களும் சில பாதகங்களும் கூடவே வருகின்றன. அதன் பிசுக்குமை எண்ணெயின் பிசுக்குமையைவிடப் பன்மடங்கு குறைவு. ஆகையால் எண்ணெய் நகராத பாறையிலும் வாயு நகரும். ஆனால் துளைகளில் நீரும் இருக்கும்போது குறுகிய கழுத்துகளை முதலில் பிடித்துக்கொள்வது நீரே. இறுக்கமான பாறையில் நீரின் பங்கு சற்றுக் கூடினாலும் வாயுவின் பாதை பெருமளவு அடைபடும். ஓட்டத்தின் வடிவமும் கவனிக்கத்தக்கது. வாயு நாலாபுறமிருந்தும் கிணற்றை நோக்கிக் குவிவதால், கிணற்றை நெருங்க நெருங்க ஓட்டப் பரப்பு சுருங்கி, அழுத்த இழப்பு செங்குத்தாக ஏறுகிறது. டார்சி விதியின்படி, 1000 மீட்டரிலிருந்து 10 மீட்டர் தொலைவுக்கு வருவதில் ஏற்படும் அழுத்த இழப்பும், 10 மீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு வருவதில் ஏற்படும் இழப்பும் சமம். எனவே துளையிடும்போது பயன்படுத்தும் சேற்றுக் கலவை கிணற்றைச் சுற்றியுள்ள சில சென்டிமீட்டர் பாறைக்குள் புகுந்து அடைத்தாலும் நல்ல கிணறு மோசமான கிணறாகத் தோன்றிவிடும். வாயு மிக வேகமாகப் பாயும் கிணற்றுச் சுவரருகே டார்சி விதியே போதாமல் போய்க் கூடுதல் இழப்பு சேர்கிறது. குறைந்த ஓட்டத்தைக் கண்டதும் பாறையையே குற்றம் சொல்லிவிட முடியாது. எது பாறையின் குணம், எது துளையிட்டதன் பாதிப்பு என்று பிரித்தறிய வேண்டும்.

பிரித்தறியும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் எல்லைகள் நம் வாதத்துக்கு முக்கியமானவை. கிணற்றுக்குள் இறக்கப்படும் லாக் கருவிகள் மின்தடை, அடர்த்தி, நியூட்ரான் எதிர்வினை ஆகியவற்றை அளக்கின்றன. அவற்றிலிருந்து நுண்துளைமையும், 1942-ல் ஆர்ச்சி தந்த சமன்பாட்டின் வழியே நீரின் பங்கும் கிடைக்கும். அதாவது இருப்புக் கணக்குக்கு வேண்டியவை கிடைக்கும், ஊடுருவுதிறன் நேரடியாகக் கிடைக்காது. வெட்டியெடுத்த பாறைத் துண்டை ஆய்வகத்தில் அளந்தால் எண் கிடைக்கும், ஆனால் அது பெரும்பாலும் நன்னம்பிக்கைப் பக்கமே சாயும். ஆய்வகத்தின் குறைந்த அழுத்தத்தில் வாயு மூலக்கூறுகள் துளைச் சுவரில் வழுக்கிச் செல்வதால் ஊடுருவுதிறன் கூடுதலாகத் தெரியும் என்பதை 1941-ல் கிளிங்கன்பெர்க் காட்டினார். மேலடுக்குகளின் சுமை நீங்கியதும் பாறை சற்று விரிந்து நுண்விரிசல்கள் திறப்பதும் எண்ணை உயர்த்தும். இரண்டு விளைவுகளும் இறுக்கமான பாறையில்தான் மிகுதி. எஞ்சியிருக்கும் நேரடிச் சான்று ஓட்டச் சோதனை. கிணற்றைத் திறந்து வாயுவைப் பாயவிட்டு, பிறகு மூடி, அழுத்தம் மீண்டும் ஏறும் விதத்தைப் பதிவுசெய்கிறார்கள். அந்த ஏற்றத்தின் சரிவிலிருந்து ஊடுருவுதிறனைக் கணிக்கும் முறையை ஹார்னர் 1951-ல் அளித்தார். இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது எவ்வளவு தொலைவு ‘பார்க்கும்’ என்பது நேரம், ஊடுருவுதிறன் இரண்டின் பெருக்கத்துக்கு வர்க்கமூல விகிதத்தில் அமையும். 100 மில்லிடார்சிப் பாறையில் 1 கிலோமீட்டர் வரை உணரும் சோதனை, மற்றவை ஒத்திருக்க, 0.1 மில்லிடார்சிப் பாறையில் அதே நேரத்தில் சுமார் 30 மீட்டரையே உணரும். பாறை எவ்வளவு மோசமோ அவ்வளவு குறைவாகவே அதைப் பற்றி நமக்குத் தெரியவருகிறது.

இந்த இயற்பியல் நாட்டின் கணக்குப் புத்தகத்தில் எப்படிப் பதிவானது என்பதற்கு ஆந்திரக் கடற்கரைக்கு அப்பால் கிருஷ்ணா-கோதாவரி (கேஜி) படுகையில் உள்ள தீன்தயாள் வயல் தெளிவான சான்று. குஜராத் அரசின் பெட்ரோலியக் கழகமான ஜிஎஸ்பிசி, ஆழமற்ற கடற்பகுதியில் துளையிட்ட கேஜி-8 கிணற்றின் அடிப்படையில், 2005-ல் 20 டிரில்லியன் கன அடி இருப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், தீன்தயாள் மேற்குப் பகுதிக்கு ஏற்கப்பட்ட வளர்ச்சித் திட்டம் எடுக்கக்கூடிய வாயுவை ஏறத்தாழ 1 டிரில்லியன் கன அடி என்றே மதிப்பிட்டது. இரண்டு எண்களும் ஒரே பொருளைச் சுட்டவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முன்னது முழுப் பரப்பிலும் பாறைக்குள் அடைந்துள்ள மொத்தம், பின்னது ஒரு பகுதியிலிருந்து எடுக்கக்கூடியது. ஆனால் நாட்டின் நினைவில் நின்றது முன்னதே. தேக்கப் பாறை கடற்படுகைக்குக் கீழே மிக ஆழத்தில், உயர் அழுத்தமும் உயர் வெப்பமும் கொண்ட கிரெட்டேசியஸ் கால மணற்பாறை. அதன் ஊடுருவுதிறன் மிகக் குறைவு. பாறையைப் பிளக்கும் முயற்சிகளும் எதிர்பார்த்த ஓட்டத்தைத் தரவில்லை. 2014-ல் சோதனை உற்பத்தி தொடங்கியது. அது திட்டமிட்ட அளவில் ஒரு சிறு பங்காகவே நின்றது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2016 அறிக்கையின்படி கழகத்தின் கடன் 2015 மார்ச்சில் 19,700 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. 2017-ல் ஓஎன்ஜிசி அந்த வயலின் 80 சதவீதப் பங்கை ஏறத்தாழ 120 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே வாயு இல்லையென்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அது வர மறுத்தது, அவ்வளவே.

அதே படுகையின் ஆழ்கடல் பகுதி இதற்கு நேரெதிரான பாறையைக் கொண்டது. 2002-ல் ரிலையன்ஸ் கண்டறிந்த கேஜி-டி6 பரப்பின் திருபாய்-1, திருபாய்-3 வயல்களில் வாயு இருந்தது பிளையோசீன் காலத்து இளம் மணலில். கடலடிப் பள்ளத்தாக்குகள் வழியே வந்து வாய்க்கால்களாகவும் அவற்றின் கரைகளாகவும் படிந்த, இன்னும் முழுதும் இறுகாத மணல் அது. ஊடுருவுதிறனுக்குக் குறைவில்லை. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, ஓராண்டுக்குள் பரப்பின் மொத்த உற்பத்தி நாளொன்றுக்கு 6 கோடி கன மீட்டரைத் தொட்டது. திட்டமிட்ட உச்சமோ 8 கோடி. அதை எட்டுமுன்பே சரிவு தொடங்கியது. அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக விழுந்தது, கிணறுகளில் நீரும் மணலும் புகுந்தன, எடுக்கக்கூடிய இருப்பு சுமார் 10 டிரில்லியன் கன அடியிலிருந்து 3 டிரில்லியனாகத் திருத்தப்பட்டது. 2020 பிப்ரவரியில் அவ்விரு வயல்களின் உற்பத்தி நின்றது. பாறைக் குணம் என்றால் கையளவு மாதிரியின் ஊடுருவுதிறன் மட்டுமல்ல என்பதற்கு இது சான்று. வாய்க்கால் மணல்களுக்கு நடுவே களிப் படிவங்கள் எங்கே தடுப்பாக நிற்கின்றன, கரைப் பகுதியின் மெல்லிய மணலிழைகள் முதன்மை வாய்க்காலோடு எவ்வளவு தொடர்புடையவை, நீர் எந்த வழியே முந்தி வரும் என்ற பெருநிலைத் தொடர்பும் பாறையின் குணமே. நல்ல மணலில் நடத்திய குறுகிய சோதனை அற்புதமான ஓட்டத்தைக் காட்டும். அந்த ஓட்டம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அது காட்டாது.

மூன்றாவது சான்று தமிழகக் கடற்கரையை ஒட்டியது. காவிரிப் படுகையின் பிஒய்-1 வயலில் வாயு மணற்பாறையில் இல்லை. படுகையின் அடித்தளமான கருங்கல்லின் வெடிப்புகளில் இருக்கிறது. கிரானைட்டின் உடலுக்குள் துளை ஏறக்குறைய இல்லை. வாயுவைச் சேர்த்துவைப்பதும் கடத்துவதும் வெடிப்புகளே. ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன் நிறுவனம் 2009 நவம்பரில் இங்கிருந்து உற்பத்தியைத் தொடங்கி, பிள்ளைப்பெருமாள்நல்லூர் மின் நிலையத்துக்கு வாயு அளித்தது. உற்பத்தி எதிர்பார்த்த மட்டத்தில் நீடிக்கவில்லை. இத்தகைய பாறையில் ஒரு கிணறு பெரிய வெடிப்பு மண்டலத்தை வெட்டினால் வியக்கத்தக்க ஓட்டம் தரும். அடுத்துத் துளையிடும் கிணறு வெறும் கல்லைச் சந்திக்கலாம். வெடிப்புகள் வேகமாகக் காலியாகும், அழுத்தம் குறையும்போது மூடிக்கொள்ளவும் செய்யும். மிக அதிக ஓட்டமும் மிகக் குறைந்த கொள்ளளவும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை இந்தப் பாறை காட்டுகிறது. தீன்தயாளில் கொள்ளளவு இருந்தது, ஓட்டம் இல்லை. பிஒய்-1-ல் ஓட்டம் இருந்தது, கொள்ளளவு போதவில்லை. கேஜி-டி6-ல் இரண்டும் இருந்தும் தொடர்பு கணித்தபடி இல்லை. மூன்றிலும் இருப்பு எண் ஒன்றை மட்டும் நம்பியவருக்குக் கிடைத்தது ஏமாற்றமே.

இவ்வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளைப் பார்க்கலாம். பாறை மோசமாக இருந்தாலும் தொழில்நுட்பம் அதை வெல்லும், அமெரிக்காவின் ஷேல் வாயுப் புரட்சியே சான்று என்பது முதல் மறுப்பு. நீரழுத்தத்தால் பாறையைப் பிளப்பது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பாறையின் ஊடுருவுதிறனை மாற்றுவதில்லை. கிணறு பாறையைத் தொடும் பரப்பை மட்டுமே பெருக்குகிறது. பிளவுக்கு அப்பால் உள்ள பாறை பழையபடியேதான் இருக்கும். அதனால் அமெரிக்க நிலப்பரப்பில் ஒரு வயலுக்கு ஆயிரக்கணக்கான கிணறுகள் நெருக்கமாகத் துளைக்கப்படுகின்றன, ஒவ்வொன்றும் ஒப்பீட்டளவில் மலிவு. கடலில் ஒவ்வொரு கிணற்றுக்கும் துரப்பண மேடையின் நாள் வாடகை முதல் பாதுகாப்புக் கருவிகள் வரை செலவு பன்மடங்கு. மேடையில் கிணறு வைக்க இடமும் எண்ணிக்கைக்கு உட்பட்டது. உயர் வெப்பமும் உயர் அழுத்தமும் சேர்ந்தால் பிளவைத் திறந்து வைக்கும் துகள்களும் திரவங்களும் கூடத் தாக்குப்பிடிக்கத் திணறுகின்றன. வட கடலின் தென்பகுதியில் இறுக்கமான பாறைகள் பிளக்கப்பட்டு வாயு எடுக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மை. அங்கே அருகிலேயே குழாய்ப்பாதைகளும் மேடைகளும் முன்பே இருந்தன. தொழில்நுட்பம் பாறையின் தீர்ப்பைத் திருத்தலாம், அதற்கும் விலை உண்டு. அந்த விலையை முன்கூட்டிச் சொல்வது பாறை அளவீடே.

கேஜி-டி6 சரிவுக்குக் காரணம் பாறையல்ல, போதிய கிணறுகள் துளையிடப்படாததே என்ற வாதம் அரசுத் தரப்பில் வலுவாக முன்வைக்கப்பட்டது. நிறுவனத் தரப்பு நிலவியல் சிக்கலையே காரணமாகக் காட்டியது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. ஆனால் அந்த விவாதம் எதைச் சார்ந்தது என்று கவனிக்க வேண்டும். மணல்கள் ஒன்றிலிருந்து ஒன்று துண்டிக்கப்பட்டிருந்தால், புதிய கிணறு இதுவரை தொடாத வாயுவை எடுக்கும்; கிணறுகள் போதவில்லை என்பது சரி. மணல்கள் ஏற்கெனவே இணைந்திருந்தால், புதிய கிணறு அதே வாயுவைச் சற்று முன்னதாக எடுக்குமே தவிர மொத்தத்தைப் பெரிதாகக் கூட்டாது. எனவே கிணற்று எண்ணிக்கை பற்றிய வழக்கும் உண்மையில் பாறைத் தொடர்பு பற்றிய வழக்கே. தொடக்கத்திலேயே கூடுதலான மதிப்பீட்டுக் கிணறுகளும் நீண்ட சோதனைகளும் நடந்திருந்தால் இரு தரப்புக்கும் பொதுவான சான்றுத் தளம் இருந்திருக்கும்.

அதே கேஜி-டி6 பரப்பு இன்று மீண்டும் நன்றாக உற்பத்தி தருகிறதே, பழைய கதையைக் கிளறுவதேன் என்றும் கேட்கலாம். 2020 டிசம்பரில் ஆர்-கிளஸ்டர், 2021-ல் சாட்டிலைட் கிளஸ்டர், 2023-ல் எம்ஜே என அடுத்தடுத்த வயல்கள் திறக்கப்பட்டன. நிறுவனங்கள் அறிவித்தபடி நாட்டின் எரிவாயு உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. இது என் வாதத்துக்கு எதிரானதல்ல, துணையானது. எம்ஜே தேக்கம் பழைய திருபாய் வயல்களுக்குச் சுமார் 2000 மீட்டர் கீழே, உயர் அழுத்த, உயர் வெப்பச் சூழலில் இருக்கிறது. ஆழமும் அழுத்தமும் மட்டுமே தடையென்றால் அங்கும் தீன்தயாளின் நிலையே நேர்ந்திருக்கும். ஒரே படுகையில், ஒத்த கடுஞ்சூழலில் ஒரு வயல் ஓடுகிறது, இன்னொன்று முடங்குகிறது என்றால் வேறுபாட்டைப் படுகையின் பெயரில் தேட முடியாது. அந்தந்த மணலில்தான் தேட வேண்டும். பக்கத்து வயலின் வெற்றியைக் காட்டி இந்த வயலுக்கு முதலீடு கேட்பது எவ்வளவு பலவீனமான நியாயம் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. கடலில் நீண்ட ஓட்டச் சோதனைக்குப் பெரும் பணம் செலவாகும், வெளியேறும் வாயுவை எரித்தே தீர்க்க வேண்டியிருக்கும், முடிவுகளோ வணிக இரகசியம். இவை உண்மையான இடர்ப்பாடுகள். சோதனைக்குச் சில கோடி டாலர் செலவாவதாகவே வைத்துக்கொள்வோம். சோதிக்காமல் கட்டப்பட்ட மேடையும் குழாய்ப்பாதையும் பாதிக்குமேல் வெறுமையாகக் கிடந்தால் ஆகும் இழப்பு அதைவிடப் பல மடங்கு. இரகசியம் என்ற வாதத்துக்கு விடை ஏற்கெனவே துறைக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோலியப் பொறியாளர் சங்கமும் துணை அமைப்புகளும் 2007-ல் வெளியிட்டு 2018-ல் திருத்திய வள வகைப்பாட்டு முறை, கண்டறியப்பட்டும் வணிக முதிர்ச்சி அடையாத வளத்தையும், எடுக்கத்தக்கது என உறுதியான இருப்பையும் தெளிவாகப் பிரிக்கிறது. நிறுவனத்துக்குள் இந்த வேறுபாட்டைக் கடைப்பிடிப்பவர்கள் பொதுமக்களிடம் பேசும்போது மட்டும் அதைக் கைவிடுவதற்குக் காரணமில்லை. பொதுப்பணமும் பொதுவளமும் சம்பந்தப்பட்ட கண்டுபிடிப்புகளில் இருப்பு எண்ணோடு, சோதனையில் கிடைத்த ஓட்ட விகிதம், அதிலிருந்து கணித்த ஊடுருவுதிறன், சோதனை நீடித்த நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிடுவதை ஒழுங்குமுறை அமைப்புகள் கட்டாயமாக்க வேண்டும். ஓட்டச் சோதனை நடக்கவில்லையென்றால் அதையும் அதே வரியில் எழுத வேண்டும்.

இது பழைய கணக்கைத் தீர்க்கும் பேச்சல்ல. இலங்கையின் மன்னார் படுகையில் கெயர்ன் நிறுவனம் 2011-ல் டொராடோ, பராக்குடா கிணறுகளில் வாயுவைக் கண்டது. இன்றுவரை அங்கிருந்து உற்பத்தி இல்லை. கடும் நெருக்கடியைச் சந்தித்த ஒரு நாட்டுக்கு அந்த வாயு பெரும் நம்பிக்கையாகத் தோன்றுவது இயல்பே. கடன் சுமையிலிருந்து மீள அது எவ்வளவு உதவும் என்ற மதிப்பீடுகள் அவ்வப்போது எழுகின்றன. அந்த நம்பிக்கையைக் கலைப்பது நோக்கமல்ல, அதைச் சரியான கேள்வியின்மேல் நிறுத்துவதே நோக்கம். மன்னாரிலோ காவிரியிலோ அடுத்த கண்டுபிடிப்பு அறிவிக்கப்படும்போது எத்தனை டிரில்லியன் கன அடி என்று கேட்பதற்குமுன், கிணறு எத்தனை மணிநேரம் ஓடியது, மூடியபின் அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பியதா, எவ்வளவு தொலைவு வரையுள்ள பாறை அந்தச் சோதனையில் விடை சொன்னது என்று சட்டமன்ற உறுப்பினரும் பத்திரிகையாளரும் முதலீட்டாளரும் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை இருந்தால் சிறிய எண்ணையும் நம்பித் திட்டமிடலாம். விடை இல்லையென்றால், எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அதன்மேல் கடன் வாங்கக்கூடாது.